பத்மநாபபுரம் அரண்மனைக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? கூட்டத்தில் திண்டாடாமல் பார்க்கும் முறை

தக்கலையில் இருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் பத்மநாபபுரம். மண் கன்னியாகுமரி மாவட்டத்து மண், அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசின் தொல்பொருள் துறை. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கொட்டாரம், அதாவது அரண்மனை மட்டும் கேரளத்திடமே நின்றுவிட்டது. இது வெறும் வரலாற்றுத் தகவல் இல்லை. இரண்டு மாநிலத்துக்காரர்களும் இதைத் தங்கள் ஊர் அரண்மனையாக நினைக்கிறார்கள், அதனால் இரண்டு பக்கத்து விடுமுறைக் கூட்டமும் இங்கேதான் வந்து சேரும்.

பெரும்பாலும் மரத்தால் ஆன, ஒடுங்கிய படிகளும் குனிந்து நுழையும் வாசல்களும் கொண்ட கட்டடம் இது. பார்வையாளர்கள் ஒரே வரிசையாக, ஒரே திசையில்தான் நகர வேண்டும். நடுவில் நின்றால் பின்னால் இருப்பவர்கள் மொத்தமும் நிற்பார்கள். திரும்பி வரவும் வழியில்லை. அதனால் திட்டமிடுவதில் முக்கால் பங்கு வாசலுக்கு வெளியிலேயே முடிந்துவிட வேண்டும்.

முதல் படி: நாளைத் தேர்ந்தெடுங்கள்

திங்கட்கிழமை விடுமுறை. திங்களன்று கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் இங்கே வந்து, பூட்டிய வாசலைப் பார்த்துப் போகும் குடும்பங்கள் ஏராளம். சுற்றுலாத் திட்டத்தில் திங்கள் இருந்தால் அன்றைக்குச் சுசீந்திரத்தையும் கடற்கரையையும் வையுங்கள், அரண்மனையைச் செவ்வாய்க்குத் தள்ளுங்கள். தேசிய விடுமுறை நாட்களிலும் முதலில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். கேரள அரசின் விடுமுறைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது, தமிழ்நாட்டுக் காலண்டர் மட்டும் போதாது.

கூட்டம் எப்போது? நவம்பர் நடுவில் இருந்து ஜனவரி நடுவரை சபரிமலை சீசன். திருவனந்தபுரம், சுசீந்திரம், கன்னியாகுமரி என்று சுற்றும் ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் இந்த வழியாகத்தான் போகும். அதே மாதங்களில்தான் பள்ளிக்கூடங்களின் சுற்றுலாப் பேருந்துகளும் வரும். ஓணம் இன்னொரு நெருக்கடி: கேரளத்துக்கு விடுமுறை, கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் உள்ளூர் விடுமுறை. நவராத்திரிக்கு முன் இங்கிருந்து சரஸ்வதி தேவி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரத்துக்குப் பவனி போவார்கள். பவனியைப் பார்ப்பதே நோக்கம் என்றால் தாராளமாக வாருங்கள், அரண்மனையை நிதானமாகச் சுற்றிப் பார்க்க அந்த நாள் ஒத்துவராது. எங்களைக் கேட்டால் பிப்ரவரி, மார்ச் மாதத்தில் ஒரு புதனோ வியாழனோதான் சரி.

இரண்டாம் படி: நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

காலை 9 மணிக்குத் திறப்பார்கள். மதியம் 1 முதல் 2 வரை இடைவேளை, மாலை 4.30 வாக்கில் சீட்டு கொடுப்பது நின்றுவிடும். பலர் செய்யும் தவறு 12 மணிக்கு வந்து நிற்பது. வரிசையில் அரை மணி நேரம் போய்விடும், பிறகு உள்ளே ஓட்டமும் நடையுமாகப் பார்க்க வேண்டியதாகிவிடும். குழந்தைகளோடு நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரம் வேண்டும். அதனால் 8.45க்குச் சீட்டுக் கவுண்டர் முன்னால் நில்லுங்கள். சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் பத்து மணிக்கு மேல்தான் வந்து குவியும். அந்த ஒரு மணி நேரம் முன்னால் போய்விட்டால் கடைசி வரை அவர்கள் உங்களுக்குப் பின்னால்தான்.

நாகர்கோவிலில் இருந்து தக்கலை சுமார் 15 கிலோமீட்டர். அங்குள்ள வடசேரி பேருந்து நிலையத்தில் திருவனந்தபுரம், மார்த்தாண்டம் போகும் எந்தப் பேருந்தில் ஏறினாலும் தக்கலையில் இறங்கலாம், அங்கிருந்து ஆட்டோ. காரில் வந்தால் 8 மணிக்குக் கிளம்பினால் போதும். திருவனந்தபுரத்தில் இருந்து வருகிறவர்கள் ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தானே என்று ஒரு மணி நேரக் கணக்குப் போடாதீர்கள். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் என்று வழி முழுக்கக் கடைத்தெரு. இரண்டு மணி நேரம் வையுங்கள், 6.30க்குப் புறப்படுங்கள்.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஒன்று: பக்கத்து நிலையம் இரணியல்தான், ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது. மூட்டை முடிச்சோடு வரும் குடும்பத்துக்கு நாகர்கோவில் சந்திப்பே வசதி.

மூன்றாம் படி: வாசலுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

காலணியைக் கழற்றி வெளியிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வார், பக்கிள் உள்ள ஷூவைக் குழந்தைக்குப் போட்டுவிட்டால் அங்கேயே பத்து நிமிடம் போய்விடும். எல்லோருக்கும் ரப்பர் செருப்பு போதும். எல்லா ஜோடியையும் ஒரே துணிப்பையில் போட்டுக் கொடுங்கள், திரும்பும்போது தேட வேண்டியிருக்காது. காலுறையோடு நடக்க விடாதீர்கள். உள்ளே தரை கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கும், மரப்படியில் காலுறை வழுக்கும். கட்டடங்களுக்கு நடுவே வெயில் படும் கல்தரையும் உண்டு, பதினொரு மணிக்கு மேல் வெறுங்காலில் அது சுடும். சீக்கிரம் வரச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

கழிப்பறைக்கு எல்லோரும் போய்விட்டு வாருங்கள், ‘எனக்கு வரலை’ என்று சொல்லும் பிள்ளையும்தான். பாதி வழியில் கேட்டால் நீங்கள் இருப்பது மாடியில், முன்னால் நாற்பது பேர், பின்னால் நாற்பது பேர்.

சீட்டுக்கும் வண்டி நிறுத்தத்துக்கும் ரொக்கமாகச் சில்லறை வைத்திருங்கள். கேமராவுக்குத் தனிச் சீட்டு. பெரிய பையை வண்டியிலேயே விடுங்கள், முதுகுப்பை ஒடுங்கிய வாசலில் பின்னால் வருகிறவர் முகத்தில் இடிக்கும். கைக்குழந்தைக்குத் தள்ளுவண்டி வேண்டாம், துணியில் கட்டித் தூக்குவதே வழி.

எட்டுப் பேருக்கு மேல் இருந்தால் நான்கு நான்காகப் பிரியுங்கள், ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெரியவர் கடைசியில் வர வேண்டும். பிரிந்துபோனால் யாரும் எதிர்த்திசையில் தேடி வரக் கூடாது. வரிசையோடு போய், வெளியே வந்து, சீட்டுக் கவுண்டர் பக்கம் நிற்க வேண்டும். இதைக் குழந்தையிடம் இரண்டு முறை சொல்லி, திருப்பிச் சொல்ல வையுங்கள்.

நான்காம் படி: மாடி ஏறுவது யார்?

இதை வெளியிலேயே முடிவு செய்யுங்கள். முட்டிவலி உள்ள பாட்டியை ‘அம்மாச்சி, மெதுவா ஏறலாம் வாங்க’ என்று அழைத்துப் போய், பாதிப் படியில் அவர் நின்றுவிட்டால் அவருக்கும் சங்கடம், வரிசைக்கும் சங்கடம். நுழைவு மண்டபமான பூமுகத்தில் இருந்து மாடியில் உள்ள மந்திரசாலைக்கு ஏறும் படி செங்குத்து, அகலமும் குறைவு. ஏற முடியாதவர்கள் பூமுகத்தையும், தரைமட்டத்தில் உள்ள தெற்குக் கொட்டாரத்தையும், வாசல் பக்கத்து அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். அங்குள்ள ஊழியர்களிடம் முதலிலேயே சொன்னால் வழி காட்டுவார்கள். உயர்ந்த நிலைப்படிகள் இருப்பதால் சக்கர நாற்காலி பெரும்பாலான இடங்களுக்குள் போகாது.

ஐந்தாம் படி: உள்ளே, எங்கே நிற்பது, எங்கே நகர்வது

வெளிச்சத்தில் இருந்து பூமுகத்துக்குள் நுழைந்ததும் கண் இருட்டும். அந்த நேரத்தில்தான் காலில் நிலைப்படியும் தலையில் மேல்விட்டமும் இடிக்கும். நுழைந்தவுடன் ஓரமாக ஒதுங்கி பத்து வரை எண்ணுங்கள். பிள்ளைகளுக்கு ‘குனி, தாண்டு’ என்று ஒரு சொல் பழக்கிவிட்டால் நாள் முழுக்க உதவும். உயரமான அப்பாக்களுக்கும் அதேதான், முட்டிக்கொள்வது பெரும்பாலும் அவர்கள்தான்.

பூமுகத்தில் மேலே பாருங்கள். மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறது, ஒன்று போல் இன்னொன்று இல்லை. ‘ஒரே மாதிரி ரெண்டு பூ கண்டுபிடி’ என்று பிள்ளையிடம் சொல்லுங்கள், ஐந்து நிமிடம் அமைதியாக நிற்கும். தொங்கும் குதிரை விளக்கு, கருங்கல் கட்டில், சுவரில் ஓணவில் எனும் அலங்கார வில் எல்லாம் இங்கேதான்.

மேலே மந்திரசாலை. ராஜா மந்திரிகளோடு கூடிய அறை. ஜன்னல்களில் வண்ண மைக்காத் தகடுகள், வெயில் உள்ளே வரும்போது சூடு தணிந்து வரும். தரையைத் தொட்டுப் பாருங்கள். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்துப் போட்ட கறுப்புத் தரை, முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு. நின்று பார்க்க வேண்டிய இடம், ஆனால் சின்ன அறை. ஜன்னல் ஓரமாக ஒரு சுற்று வந்து நகர்ந்துவிடுங்கள்.

அடுத்து ஊட்டுப்புரை. இரண்டு தளம், சேர்த்து 2000 பேர் உட்கார்ந்து சாப்பிடும் நீளக்கூடம். இங்கே இடம் தாராளம். தண்ணீர் குடிக்க, குழந்தையைக் கைமாற்ற, பிரிந்த குழு சேர எல்லாவற்றுக்கும் இதுதான் இடம். தாய்க்கொட்டாரத்துக்குள் போனால் மறுபடி நெருக்கம். அரண்மனையில் ஆகப் பழைய பகுதி அது. நடுமுற்றத்தோடு கூடிய நாலுகட்டு வீடு, பலாமரத் தூணில் நுணுக்கமான செதுக்கு.

உப்பரிக்கை மாளிகையில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா காலத்து மூலிகை மரக் கட்டில் இருக்கிறது. சுவரோவியங்கள் உள்ள மேல்தளத்துக்குப் பொதுவாக விடமாட்டார்கள், அதற்காக அங்கே நின்று வாதாடினால் வரிசைதான் தேங்கும். நவராத்திரி மண்டபம் வந்தால் மரம் முடிந்து கல் தொடங்கும், சிற்பத் தூண்களும் திறந்த இடமும் இருக்கும். படம் எடுக்க நல்ல வெளிச்சம் இங்கேதான், மந்திரசாலையில் பிளாஷ் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஆறாம் படி: வெளியே வந்த பிறகு

பதினொன்றரைக்குள் முடிந்துவிடும். பிள்ளைகளுக்குப் பசி எடுத்திருக்கும். மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுத் தக்கலையில் சாப்பாட்டுக்குப் போங்கள். அதற்குப் பிறகும் தெம்பு இருந்தால் நெடுஞ்சாலை ஓரத்தில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் தோற்று, பிறகு மார்த்தாண்டவர்மாவின் படைத்தலைவரான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயின் கல்லறை உள்ளே இருக்கிறது. மரநிழலில் ஒரு மணி நேரம் ஓடி விளையாடவும் இடம் உண்டு.

மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் திற்பரப்பு அருவியையும் அதே நாளில் சேர்க்கப் பலர் ஆசைப்படுவார்கள். சேர்க்கலாம், ஆனால் இரண்டில் ஒன்றை மட்டும். கைக்குழந்தை இருந்தால் திற்பரப்பு. உயரத்தைக் கண்டு பயப்படாத பிள்ளைகள் என்றால் மாத்தூர், அதுவும் வெயில் தாழ்ந்து நான்கு மணிக்கு மேல்.