கிளினிக் கொப்பியில் ஏறாத கஞ்சா

மனநலக் கிளினிக்கில் முதல் நாளே கேட்கும் கேள்விகளில் ஒன்று: "குடி, புகை, வேறு ஏதும் பழக்கம்?" பெரியப்பாவின் மகனான அண்ணா, "இடைக்கிடை சிகரெட்" என்றார். பக்கத்துக் கதிரையில் இருந்த எனக்கு உண்மை தெரியும். இருட்டியதும் கிணற்றடியைத் தாண்டி வேலியோரம் போய், சிகரெட் தூளோடு கஞ்சாவைக் கலந்து இழுக்காவிட்டால் அவருக்கு உறக்கம் இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. "புகைத்தல் குறைவு" என்று கொப்பியில் ஏறியது. அடுத்த ஐந்து மாதமும் அந்த வரியை நம்பியே குளிசை எழுதப்பட்டது. பலன் தெரியவில்லை என்று இரண்டு முறை அளவு கூட்டப்பட்டது.

அண்ணா முன்னாள் போராளி. இடது தொடையில் இன்னமும் ஓர் எறிகணைத் துண்டு இருக்கிறது. 2009 மே மாதத்தில் இலங்கைப் போர் முடிந்த பிறகு புனர்வாழ்வு முகாம்கள் வழியாக ஊர் திரும்பிய ஏறத்தாழ 12,000 பேரில் அவரும் ஒருவர். கெட்ட கனவு, சத்தம் கேட்டால் துடித்தெழுதல், சனக்கூட்டத்தைத் தவிர்த்தல், சொல்லிவைத்தாற்போல் பின்னேரத்தில் ஏறும் கோபம். இந்தத் தொகுதியைத்தான் இங்கே மனவடு என்கிறோம். வடக்கில் காவல் நின்றுவிட்டுத் தெற்குக்குத் திரும்பிய சிப்பாய்களிலும் இதே நோயைச் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் போரிலிருந்து திரும்பியவர்களிடம் இது பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். மனநலச் சிகிச்சை நாடி வரும் முன்னாள் படைவீரர்கள் கஞ்சாவுக்குச் சொல்லும் காரணங்கள், நமது வேலியோரத்தில் சொல்லப்படும் அதே காரணங்கள்: உறக்கம், பதற்றம், உடல் நோவு. செய்யும் தவறுகளும் அதிகம் வேறுபடுவதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு வைத்தியரிடம் ஒளிப்பது. புகைப்பதைவிட இதையே நான் முதலில் வைப்பேன். ஒளிப்பவரைத் திட்டுவது சுலபம். ஏன் ஒளிக்கிறார் என்று பார்த்தால் நியாயமான பயங்கள் தெரியும். அமெரிக்கப் படையில் இப்போது சேவையில் இருப்பவருக்குச் சிறுநீர்ப் பரிசோதனையில் கஞ்சா தெரிந்தால் வேலையே போகலாம். ஆகவே அவர் வாய் திறக்கமாட்டார். ஓய்வு பெற்றவரின் நிலை வேறு. அங்குள்ள முன்னாள் படைவீரர் திணைக்களம், கஞ்சா பாவிப்பதாகச் சொன்னதற்காக எவருடைய உதவியும் நிறுத்தப்படாது, அது இரகசியமான மருத்துவப் பதிவுக்குள் மட்டுமே போகும் என்று வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. மத்திய அரசின் சட்டம் தடுப்பதால் அதன் வைத்தியர்கள் கஞ்சாவை எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் அதைப் பற்றிப் பேசலாம், பேச வேண்டும். கனடாவில் 2018 ஒக்டோபரில் கஞ்சா சட்டபூர்வமானபோது படையினருக்கு நேரக்கணக்கு வகுத்தார்கள்: எந்தக் கடமைக்கும் 8 மணித்தியாலத்துக்கு முன்பிருந்து கூடாது, ஆயுதம் கையாள்வதென்றால் 24 மணித்தியாலம், விமானப் பணி போன்றவற்றுக்கு 28 நாள். விதி கடுமையானதுதான், ஆனாலும் பேச்சுக்கு இடம் உண்டு.

இலங்கையில் நமக்கு இருப்பது 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். கையில் வைத்திருந்தாலே குற்றம். அதற்கு மேல், முன்னாள் போராளிக்கு வேறொரு பயமும் உண்டு. ஏற்கெனவே ஒரு கோப்பில் பெயர் உள்ளவர் இன்னொரு தாளில் எதையும் ஏற்ற விரும்பமாட்டார். அந்தப் பயத்தை "வீண் பயம்" என்று தட்டிவிடுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் வைத்தியர் அந்தக் கேள்வியைக் கேட்பது மருந்தின் அளவைத் தீர்மானிக்க. எழுத்தில் போவதுதான் தயக்கம் என்றால் அதையே முதலில் கேட்கலாம்: "டொக்டர், ஒரு விசயம் சொல்ல வேண்டும், கொப்பியில் எழுதாமல் கேட்பீர்களா?" கிளினிக் கொப்பி நோயாளியின் வீட்டிலேயே கிடக்கிறது, மாமியாரும் புரட்டுகிறார், அயலவரும் புரட்டுகிறார். ஆகவே இந்தக் கேள்வியில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூட வருகிற உறவினர் அறையை விட்டு வெளியே போய் நின்றால் இன்னும் நல்லது. நான் அன்று எழுந்து போயிருக்க வேண்டும்.

அடுத்தது, உறக்கம் வருவதைக் குணம் என்று எடுத்துக்கொள்வது. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கஞ்சா தொடக்கத்தில் உண்மையாகவே உறங்க வைக்கிறது. கனவு வரும் உறக்கக் கட்டத்தை அது அமுக்குவதால் பயங்கரக் கனவுகளும் குறைகின்றன. பதினைந்து வருடம் அதே பதுங்கு குழிக்குள் ஒவ்வொரு இரவும் விழித்தவருக்கு அது வரம் போலத் தெரியாதா? கிழமைகள் போகப் போக உடல் பழகிவிடும். அதே உறக்கத்துக்குக் கூடுதலாக வேண்டும். ஒரு நாள் கிடைக்கவில்லை, அல்லது விட்டுவிடலாம் என்று நினைக்கிறார். அப்போது அமுக்கி வைத்த கனவெல்லாம் அணை உடைந்தாற்போல் வரும். நிறுத்திய ஓரிரு நாளில் எரிச்சல், பதற்றம், பசியின்மை, வியர்வை தொடங்கும். முதல் கிழமையில் உச்சம். பெரும்பாலும் இரண்டு கிழமையில் தணியும். உறக்கக் குழப்பமும் துலக்கமான கனவும் ஒரு மாதம்வரை இழுக்கலாம். இவை கஞ்சாவை விட்டதன் அறிகுறிகள். ஆனால் பார்ப்பதற்கு மனவடு திரும்பி வந்தது போலவே இருக்கும். "பார்த்தாயா, விட்டதும் வருத்தம் கூடிவிட்டது, ஆகவே இதுதான் என் மருந்து" என்று அண்ணா சொன்னபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. பதில் இதுதான்: எரிவது பழைய புண்ணா, பிடுங்கிய இடமா என்று அந்த இரண்டு மூன்று கிழமைக்குள் எவராலும் சொல்ல முடியாது. அந்தக் கிழமைகளைத் துணையோடு கடக்க வேண்டும்.

மூன்றாவது தவறு ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் வரும். "அங்கே நீங்கள் ஒளித்துப் பாவிப்பதை இங்கே அரசாங்கமே படை வீரருக்குக் காசு கொடுத்து வாங்கிக் கொடுக்கிறது" என்று மச்சான் ஒருவர் சொல்வார். பொய்யில்லை. மருத்துவ அனுமதியுள்ள முன்னாள் படைவீரருக்குக் கனடா கஞ்சாச் செலவைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் நாளொன்றுக்கு 10 கிராம்வரை கொடுத்ததை 2016இல் பொதுவாக 3 கிராம் என்று இறுக்கியதை மச்சான் சொல்லமாட்டார். செலவைத் திருப்பிக் கொடுப்பது ஒரு நிர்வாக முடிவு. அது மனவடுவைக் குணப்படுத்துகிறது என்பதற்கு அதுவே சான்றாகாது. சான்று தேடியவர்களும் இருக்கிறார்கள். மனவடு உள்ள 80 அமெரிக்க முன்னாள் படைவீரரிடம் மூன்று வகைக் கஞ்சாவையும், சத்து நீக்கிய போலிக் கஞ்சாவையும் மூன்று கிழமை புகைக்கக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. எல்லாக் குழுக்களும் ஓரளவு தேறின, போலியைப் புகைத்தவர்களும் சேர்த்துத்தான். எந்த வகையும் போலியை வெல்லவில்லை. அமெரிக்கப் படைத்துறையும் முன்னாள் படைவீரர் திணைக்களமும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி, மனவடுவுக்குக் கஞ்சா வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. மேலும், அங்கே கடையில் வாங்குவதில் எவ்வளவு என்ன இருக்கிறது என்று உறையில் அச்சிட்டிருக்கும். இங்கே கடல் தாண்டி வரும் "கேரளக் கஞ்சா"வின் பொதியில் என்ன அச்சிட்டிருக்கிறது?

குடும்பத்தவரின் தவறுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், எல்லோரும் அறிந்தவை. கலியாணம் செய்து வைத்தால் திருந்துவான் என்பது முதலாவது. இன்னொரு பெண்ணின் இரவையும் கெடுப்பதற்கான வழி அது. அறைக்குள் பூட்டி வைப்பது இரண்டாவது. தடுப்பில் இருந்துவிட்டு வந்தவரைப் பூட்டினால் என்ன நடக்கும் என்று பூட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம். கோவிலில் நூல் கட்டுவதில் குற்றமில்லை. நூல் கட்டிய கையோடு குளிசையை நிறுத்துவதில் குற்றமுண்டு.

சிகிச்சை தருபவர்களும் ஒரு தவறு செய்கிறார்கள்: "முதலில் கஞ்சாவை விட்டுவிட்டு வாருங்கள், பிறகு மனதைப் பார்க்கலாம்." ஓர் இடத்தில் அண்ணாவுக்கு ஏறத்தாழ இதே சொற்கள் கிடைத்தன, அதன் பின் எட்டு மாதம் அவர் எந்தக் கிளினிக்கின் படியும் ஏறவில்லை. கனவுக்குப் பயந்து புகைப்பவரிடம் கனவை அப்படியே வைத்துக்கொண்டு புகையை மட்டும் விடு என்றால் எப்படி? போதைப் பாவனை இருப்பதைக் காரணம் காட்டி மனவடுச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பதே இன்றைய வழிகாட்டல். இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். மனவடுவை நேராகப் பேசிக் கையாளும் உளவளத்துணையும், செர்ட்ரலின் போன்ற மருந்துகளும் உண்டு. அந்த மருந்துகள் வேலை செய்ய நான்கு முதல் ஆறு கிழமை ஆகும். கஞ்சா கால் மணித்தியாலத்தில் வேலை செய்கிறது. அந்த ஓட்டத்தில் குளிசை தோற்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் இடையில் விட்டுப் போகமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

குளிசையோடு புகை மோதுவதும் உண்டு. ஒலன்சபின், குளோசபின் என்ற மனநோய்க் குளிசைகளை எடுப்பவர்களுக்குப் புகை, அது புகையிலையானாலும் கஞ்சாவானாலும், மருந்தை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றுகிறது. புகைப்பதை மறைத்தால் மருந்து போதவில்லை என்று தோன்றும், அளவு கூடும். பிறகு ஒரே நாளில் புகையை நிறுத்தினால் அதே அளவு மிஞ்சிப்போய் மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம். ஆகவே விடுவதையும் சொல்லிவிட்டு விட வேண்டும். உறக்கக் குளிசையோடு கஞ்சாவைச் சேர்த்து எடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறுவது பற்றி நான் எழுதத் தேவையில்லை.

சந்தேகம் பற்றித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் நமது ஊரில் அது சிக்கலானது. "என்னைப் பின்தொடர்கிறார்கள்" என்று ஒரு முன்னாள் போராளி சொன்னால் அது கஞ்சாவினால் வந்த மனமருட்சியாக இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். கேட்டதும் சிரிப்பதும் தவறு, கேட்டதும் நம்பித் தலையாட்டுவதும் தவறு. யார், எப்போது, எங்கே என்று பொறுமையாகக் கேளுங்கள். தொலைக்காட்சி தன்னோடு பேசுகிறது, சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது, ஆள் இல்லாத குரல் கேட்கிறது என்று பேச்சு விரிந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். ஸ்வீடனில் 1969, 1970 ஆண்டுகளில் கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட 45,000க்கு மேற்பட்ட இளைஞர்களை 15 வருடம் பின்தொடர்ந்து பார்த்தபோது, 50 தடவைக்கு மேல் கஞ்சா பாவித்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. வேறு காரணங்களைக் கழித்துச் செய்த பிந்திய கணக்கில் அந்த மடங்கு குறைந்தது, ஆனால் இல்லாமல் போகவில்லை. குடும்பத்தில் எவருக்காவது அந்த நோய் இருந்தால் இதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

"நான் புகைப்பதில்லை, மோதகம்தான்" என்பவர்களுக்கு ஒரு சொல். கஞ்சா கலந்த லேகியமும் மதன மோதகமும் வயிற்றின் வழியாகப் போவதால் ஏறுவதற்கு அரை மணித்தியாலம் முதல் இரண்டு மணித்தியாலம்வரை எடுக்கும். ஒன்றும் செய்யவில்லை என்று இன்னொரு துண்டு வாயில் போடுபவர்தான் இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுகிறார். மூலிகை என்ற பெயர் அங்கே உதவாது.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. நேரில் போகத் தயங்குபவர் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு முதலில் பேசலாம். போகும்போது கையில் ஒன்று இருந்தால் நல்லது. சுவரில் தொங்கும் கலண்டரில் இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் மூன்று குறிப்பு: எத்தனை மணிக்குப் புகைத்தேன், எத்தனை மணிக்கு உறங்கினேன், கனவு வந்ததா. அண்ணா மறுபடியும் கிளினிக்குக்குப் போனபோது அதைத்தான் கொண்டு போனார். இடையில் நான்கு நாள் வெறுமையாகக் கிடந்தது. நிரப்பிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அப்படியே சுருட்டிக் கொடுத்தேன்.