வைஃபையில் பிழை இல்லை

ரஸ்ட் என்ற நிரல்மொழியில் நான் எழுதிய சின்ன நிரல் ஒன்று. டிசிபி என்ற வலையமைப்பு நெறிமுறை வழியாக ஒரு சேர்வருடன் இணைந்து அளவீடுகளை எடுத்து வரும். மடிக்கணினியில் நேரடியாக நன்றாக ஓடியது. வெவ்வேறு கணினிகளில் ஓடக்கூடிய வெப்அசெம்பிளி வடிவத்துக்கு மாற்றி, அதை ஓட்டும் வாஸ்ம்டைம் என்ற மென்பொருளில் ஓடவிட்டால், கனெக்ட் வரியிலேயே 'இந்தத் தளத்தில் ஆதரவு இல்லை' என்று விழுந்தது. வெள்ளவத்தை அறையின் வைஃபையைத்தான் முதலில் திட்டினேன். பாவம்.

விஷயம் இதுதான். வாசி என்பது வெப்அசெம்பிளி நிரல் வெளியுலகத்தோடு பேசும் இடைமுகம். நான் கம்பைல் செய்தது அதன் பழைய 0.1 பதிப்புக்கு. அதில் ஏற்கனவே திறந்து கையில் கொடுத்த சாக்கெட்டை (வலையமைப்பு இணைப்பின் முனை) வைத்து வேலை செய்யலாம். புதிதாக ஒன்றைத் திறந்து வெளியே இணைய வழியே கிடையாது. 2024 ஜனவரியில் வந்த வாசி 0.2இல்தான் அது வந்தது. சரி என்று கம்பைல் டார்கெட்டை 0.2க்குரிய வாஸ்ம்32-வாசிபி2 ஆக மாற்றினேன்.

இப்போது அனுமதி மறுப்பு! உண்மையில் சந்தோஷம்தான், பிழை மாறினால் எங்கேயோ நகர்கிறோம் என்றுதானே அர்த்தம்? ஓடவிடுபவர் கொடுக்காத எதையும் சாண்ட்பாக்ஸ் என்ற பாதுகாப்பு அடைப்புக்குள் இருக்கும் நிரல் தொட முடியாது. வாஸ்ம்டைம் கட்டளையில் 'இன்ஹெரிட்-நெட்வொர்க்' என்ற அனுமதியைச் சேர்த்தேன். ஐபி எண்ணுக்கு உடனே இணைந்தது. சேர்வரின் பெயரைக் கொடுத்தால் மட்டும் மாட்டேன் என்றது. பெயரை ஐபி எண்ணாக மாற்றும் தேடலுக்கு 'அலவ்-ஐபி-நேம்-லுக்அப்' என்று தனி அனுமதி வேண்டுமாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலமும் இரண்டு பிளேன்டீயும் போயின.

நிரலில் ஒரு வரிகூட மாற்றவில்லை. ஆனால் இன்ஹெரிட் முழு வலையமைப்பையும் திறந்துவிடுகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் அதை ஓடவிடும் வேறொரு நிரலில் வாஸ்ம்டைமை நூலகமாக இணைத்து, எந்த முகவரியோடு இணையலாம் என்று சோதிக்கும் செயற்கூறில் அந்த ஒரு சேர்வரை மட்டும் அனுமதித்தேன்.