மேற்கோள் எண்ணிக்கையை வைத்து நாட்டின் ஆய்வுத் தரத்தை எடைபோடாதீர்கள்

ஓர் ஆய்வுக் கட்டுரையை மற்ற கட்டுரைகள் எத்தனை முறை சுட்டுகின்றன என்பதுதான் மேற்கோள் எண்ணிக்கை. அதை வைத்துத் தயாராகும் 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியல் வெளிவந்தால் போதும், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் "இந்தியாவிலிருந்து இத்தனை பேர் சார்!" என்று நிறைந்துவிடுகிறது. சந்தோஷம்தான். ஆனால் தலைகளை எண்ணி நாட்டின் தரத்தைச் சொல்லிவிட முடியாது. அந்தப் பட்டியல் ஒருவரை அவர் கடைசியாகச் சேர்ந்த நிறுவனம் இருக்கும் நாட்டின் கணக்கில்தான் வைக்கும், அதனால் ஜெர்மனியில் பல வருஷம் செய்த வேலையும் அவர் ஊர் திரும்பியதும் நம் பெயருக்கு வந்துவிடும்.

அடுத்தது, யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்க்காமல் விடுவது. எனக்கு இதுதான் பெரிய தவறாகப் படுகிறது. இத்தாலியில் 2010இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, அறிவியல் துறைகளில் பேராசிரியர் பதவிக்குத் தகுதி பெற மேற்கோள் எண்ணிக்கையும் ஒரு அளவுகோலானது. அதன்பின் தன்னைத் தானே மேற்கோள் காட்டுவதும், உள்நாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொள்வதும் அங்கே வெகுவாக ஏறியதை 2019இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் நாடே முன்னேறிவிட்டதாகத் தெரியும்.

ஆசிரியர் எண்ணிக்கையையும் கவனியுங்கள். இயற்பியலில் ஹிக்ஸ் என்ற நுண்துகளின் நிறை பற்றி 2015இல் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். பங்கு பிரிக்காமல் எண்ணினால் அதில் பெயர் இருக்கும் எல்லா நாட்டுக்கும் முழு மேற்கோளும் சேர்ந்துவிடும். கணிதத்தையும் மருத்துவத்தையும் ஒரே தட்டில் வைப்பதும் தப்பு, கணிதத்தில் மேற்கோள் இயல்பாகவே குறைவு. அப்புறம், மேற்கோள் என்றாலே பாராட்டு இல்லை: தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998ஆம் வருஷத்து 'லான்செட்' மருத்துவ இதழ்க் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது, அதை மறுத்து எழுதியவர்களும் மேற்கோள் காட்டித்தானே ஆக வேண்டும்?

எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் படிந்த சேற்றையும் நண்டையும் எடுத்து உலோகம் எவ்வளவு என்று அளக்கும் ஆய்வை வெளிநாட்டில் எத்தனை பேர் மேற்கோள் காட்டுவார்கள்? அங்கே இருக்கும் காட்டுக்குப்பத்து மீனவர்களுக்கு, அதுவும் 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு, அதைவிட முக்கியமான ஆய்வு வேறென்ன இருக்கிறது?

எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் துறைவாரியாக எண்ணுங்கள், சுயமேற்கோளைக் கழியுங்கள், ஆசிரியர்களுக்குள் பங்கு பிரியுங்கள். பிரிட்டனில் பல்கலைக்கழக ஆய்வுகளுக்கு நடந்த 2021 மதிப்பீட்டில் துறை நிபுணர்கள் கட்டுரைகளைப் படித்துத்தான் தரம் போட்டார்கள், மேற்கோள் எண் சில துறைகளில் மட்டும் துணைத்தகவலாக இருந்தது. அதற்குக் காலமும் காசும் நிறைய ஆகும், ஆனாலும் நாமும் அப்படித்தான் கேட்க வேண்டும்.