நீம் அரங்கை அட்டையில் கட்டுவது எப்படி

பிரான்சின் ரெயூனியன் தீவில் கொலேஜ் (நடுநிலைப் பள்ளி) முதல் வகுப்புக்கு உரோமர் பாடம் வந்ததும் பிள்ளைகள் உரோம் நகரின் கொலோசியம் அரங்கைச் செய்யக் கிளம்பிவிடுவார்கள். நான்கு அடுக்கு, ஒரு சுற்றுக்கு 80 வளைவு. பாதியில் கை ஓய்ந்துவிடும். தென் பிரான்சின் நீம் நகர அரங்கைச் செய்யுங்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதிவாக்கில் கட்டியது. இரண்டு அடுக்கு, ஒரு சுற்றுக்கு 60 வளைவுதான். வெளிச்சுவரும் ஏறக்குறைய முழுசாக நிற்பதால் படம் பார்த்துச் சரிபார்க்கலாம்.

அசல் அளவு 133 x 101 மீட்டர், உயரம் 21 மீட்டர், நடுக்களம் 68 x 38 மீட்டர். 1:250 விகிதத்தில் இது 53.2 x 40.4 செ.மீ., உயரம் 8.4, களம் 27.2 x 15.2 ஆகும்.

முதலில் நீள்வட்டம். நடுக்கோட்டில் 34.6 செ.மீ. இடைவெளியில் இரண்டு ஊசி குத்துங்கள். 87.8 செ.மீ. சுற்றளவுள்ள நூல் வளையத்தை அவற்றில் மாட்டி, பென்சிலால் இழுத்துப் பிடித்தபடி சுற்றுங்கள். களத்துக்கு ஊசிகளின் இடைவெளி 22.6, நூல் வளையம் 49.8. நைலான் நூல் வேண்டாம். இழுபடும், தொடங்கிய இடத்தில் கோடு வந்து சேராது. வெளிவட்டத்தையே அதே விகிதத்தில் சுருக்கிக் களமாக்குவதுதான் வழக்கமான தவறு. களம் குண்டாகிவிடும், நீளவாட்டுப் பக்கங்களில் இருக்கைக்கு இடம் குறையும்.

இருக்கைகளுக்கு 5 மி.மீ. அட்டையில் 13 வளையம். எல்லாவற்றுக்கும் வெளி விளிம்பு ஒன்றே. உள் விளிம்பு மட்டும் மேலே போகப் போக ஏறக்குறைய 1 செ.மீ. பின்வாங்கும். அசலில் 34 வரிசை, அதை இந்த அளவில் வெட்ட முயல வேண்டாம். அடியில் களத்தின் அளவிலேயே இன்னும் இரண்டு வளையம் வையுங்கள். அது களத்தைச் சுற்றிய தடுப்புச்சுவர். சேன் அந்த்ரே பக்கத்து ஈரக்காற்றில் வெள்ளைப் பசை மெதுவாகத்தான் காயும். மெல்லப் பூசி, மேலே கனமான புத்தகம் அடுக்கி ஒரு இரவு விடுங்கள். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் வளைந்துகொள்ளும்.

வெளிச்சுவர்ப் பட்டையின் நீளம் 147.7 செ.மீ.; ஒரு வளைவுக்கு 24.6 மி.மீ. எளிதென்று 25 ஆக்கினால் கடைசியில் 2 செ.மீ.க்கு மேல் மிஞ்சி ஒரு வளைவு அறுபடும். மேல் விளிம்பில் துணிப்பந்தல் கம்பம் நட்ட கல் தாங்கிகளை வளைவுக்கு இரண்டாக ஒட்டுங்கள்.

களத்துக்கு ரவை தூவாதீர்கள், எறும்பு வரும். எத்தாங் சலே கடற்கரைக் கருமணலும் பொருந்தாது. சலித்த வெளிர் மணல் போதும்.

பொம்மைகளில்தான் வரலாறு அதிகம் கெடுகிறது. உரோமர் வழக்கப்படி காலையில் விலங்கு வேட்டை, நண்பகலில் மரண தண்டனை, பிற்பகலில் கிளாடியேட்டர் சண்டை. மூன்றையும் ஒரே நேரத்தில் களத்தில் நிறுத்த வேண்டாம். வலையும் முச்சூலமும் ஏந்தியவனுக்கு எதிரே வழவழப்பான தலைக்கவசக்காரனை நிறுத்துங்கள். வலை சிக்காமலிருக்கத்தான் அந்த வழவழப்பு. ஒவ்வொரு சண்டையும் சாவில் முடியவில்லை. பழக்கி எடுத்த வீரன் விலையுயர்ந்தவன், தோற்றவனுக்கும் பல நேரம் உயிர் கிடைத்தது. முன்வரிசையில் பெரிய மனிதர்கள், மேலே போகப் போக எளியவர்கள். இன்று நீமில் காளைச்சண்டை நடப்பதைப் பார்த்துச் சிவப்புத் துணிக்காரனை நிறுத்தாதீர்கள். அந்தக் கூத்து அங்கே வந்தது 19ஆம் நூற்றாண்டில்.