தின்னரைத் திறக்கும் முன்: பழைய மாடல் கார் சேர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தார். மாடல் கார், அதாவது உலோகத்தில் வார்த்த சின்னப் பொம்மைக் கார், சேர்க்கத் தொடங்கி ஒரு வருடம்தான் ஆகிறதாம். துணியில் சுற்றி வைத்திருந்ததைப் பிரித்து மேசைமேல் வைத்தார். கார்கி நிறுவனம் செய்த ஆஸ்டன் மார்ட்டின் டிபி5, ஜேம்ஸ் பாண்டின் கார். மேலே புத்தம்புது வெள்ளி நிறம். "பழைய தங்கக் கலர்ல அங்கங்க உரிஞ்சு கிடந்துச்சு அண்ணா. படத்துல வெள்ளிதானே? சுரண்டிட்டு நானே அடிச்சேன்" என்றார். எனக்குச் சற்று நேரம் பேச்சே வரவில்லை.

கீழே போட்டால் அடிபடும், சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் டயர் காணாமல் போகும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆசையாகச் சேர்க்கிறவர்களே செய்கிற தவறுகள் சில உண்டு. நானும் அவற்றைச் செய்திருக்கிறேன்.

பழைய பெயின்டைச் சுரண்டுவது

அந்தத் தங்க நிறம் தெரியாமல் அடித்ததல்ல. 1965இல் 261 என்ற எண்ணோடு இந்தக் காரை வெளியிட்டபோது, படத்தில் இருந்த வெள்ளி நிறத்தை கார்கி வேண்டுமென்றேதான் விட்டது. விரல் நீளக் காருக்கு வெள்ளி அடித்தால் பெயின்டே அடிக்காத வெறும் உலோகம் போலத் தெரியும் என்பதுதான் காரணம். வெள்ளி நிறக் கார் 1968இல் தனியாக வந்தது. அதன் எண் 270. சுழலும் நம்பர் பிளேட்டும், எதிரி டயரைக் கிழிக்க நீளும் கத்தியும் அதில் சேர்ந்தன. ஆக, தம்பி கொண்டுவந்தது இப்போது 261உம் இல்லை, 270உம் இல்லை.

இதே தவறை நான் டின்கி நிறுவனம் செய்த ஒரு ஜாகுவார் எக்ஸ்கே120இல் செய்தேன். மஞ்சள் நிறம், மட்கார்டு ஓரங்களில் மட்டும் உரிந்திருந்தது. அடித்தட்டைக் கழற்ற, அதைப் பிடித்திருக்கும் ரிவிட் ஆணியின் தலையை டிரில் போட்டு எடுத்தேன். பெயின்ட் ரிமூவரில் ஊறவைத்துச் சுரண்டி, பிரஷால் இரண்டு கோட் எனாமல் அடித்தேன். காய்ந்த பிறகுதான் கவனித்தேன்: கதவைச் சுற்றி ஓடும் மெல்லிய கோடு பெயின்டில் மூழ்கிவிட்டிருந்தது. பழைய பெயின்ட் தொழிற்சாலையில் மெல்லிசாகத் தெளித்து, அடுப்பில் சுட்டு இறுகியது. வீட்டில் பிரஷால் அந்த மெல்லிசைக் கொண்டுவரவே முடியாது.

பிறகு ஒரு மூத்த சேகரிப்பாளரிடம் காட்டினேன். அவர் மேலே பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பி, அடித்தட்டு ரிவிட்டைப் பார்த்தார். ரிவிட் இருந்த இடத்தில் திருகாணி. ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டு, "வேற என்ன இருக்கு?" என்றார்.

இந்த ஜாகுவார் முதலில் ஒரே நிறத்தில் வந்தது, இரட்டை நிறம் பின்னால்தான் வந்தது. ஒரு கார் எந்தக் காலத்தது என்று சொல்வதே அதன் நிறம்தான். அதைச் சுரண்டியவர் காரின் பிறந்த தேதியையும் சேர்த்து அழிக்கிறார். உரிந்த பெயின்டோடு இருக்கும் காரை வாங்க ஆள் உண்டு, வீட்டில் பெயின்ட் அடித்ததை உதிரிபாகத்துக்காக மட்டுமே கேட்பார்கள். இத்தனை வருடம் கழித்தும் இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

அழுக்காக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய பிரஷ் போதும். சக்கரத்தின் இரும்புக் கம்பியை உடனே துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் துரு ஏறும். பெயின்ட் அடித்தே தீர வேண்டும் என்றால், பெயின்ட் முழுக்கப் போன உடைசல் ஒன்றை வாங்கி அதில் அடியுங்கள்.

விரிசலைப் பசையால் ஒட்டுவது

இந்தக் கார்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டாலே போதும், உலோகம் உள்ளுக்குள் அரித்து உப்பி, பிறகு பொரிந்து உதிரும். 1930களின் டின்கி கார்கள் நிறைய இப்படிப் போயின. ஈரமும் சூடும் இதை வேகப்படுத்தும். ஒட்டினால் நிற்காது, அடுத்த விரிசல் பக்கத்திலேயே வரும். பக்கத்துக் காருக்குத் தொற்றிவிடுமோ என்ற பயம் வேண்டாம், தொற்றாது. வாங்கும்போது பக்கவாட்டில் கண் வைத்துப் பாருங்கள். உடல் வளைந்திருந்தாலோ, மயிரிழை போல் கோடு ஓடினாலோ விட்டுவிடுங்கள்.

அளவு தப்பு என்று ஒதுக்குவது

1:43, அதாவது அசல் காரில் 43இல் ஒரு பங்கு நீளம் என்ற கணக்கு, கார் உலகத்தில் பிறந்ததல்ல. ஓ கேஜ் என்ற அளவுப் பொம்மை ரயிலில் அசல் ரயிலின் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்று வைத்திருந்தார்கள், அதிலிருந்து வந்தது. டின்கியே 1933 கடைசியில் லிவர்பூலில் ரயில் செட்டுக்குத் துணைப் பொருளாகத் தொடங்கியதுதான். அப்புறம் லெஸ்னி நிறுவனத்தின் மேட்ச்பாக்ஸ் கார்கள். அங்கே தீப்பெட்டி அளவு டப்பாவுக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பஸ்ஸும் காரும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருப்பது அதனால்தான். அளவு பொருந்தவில்லை என்று அவற்றை ஒதுக்காதீர்கள்.

கல்கத்தா கார்களைப் போலி என்பது

டின்கியின் பழைய அச்சுகள் சில 1960களில் கல்கத்தாவுக்கு வந்தன. அவற்றில் வார்த்த கார்கள் நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் விற்றன. அச்சு என்னவோ அசல் லிவர்பூல் அச்சுதான். கிடைத்தால் விடாதீர்கள்.

வெயில்

ஜன்னலோரம் வேண்டாம்.

டப்பா

கார் வந்த அட்டை டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். ரப்பர் பேண்டும் போடாதீர்கள், அது இளகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் படமும் கூடவே வரும்.