பணம் மகனுடையது, முடிவு யாருடையது? புதிதாகச் சேர்ந்த கேஸ் மேனேஜருக்கு

முதியோரை அவர்கள் வீட்டிலேயே கவனித்துக்கொள்ளும் வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சியில், யாருக்கு என்ன உதவி என்று திட்டமிடும் கேஸ் மேனேஜராகச் சேர்ந்த சில நாளிலேயே உங்களுக்கும் இப்படி ஒரு போன் வரும்: "மேடம், அம்மா சொல்றதையெல்லாம் கேட்காதீங்க. பணம் கட்டறது நான்."

எனக்கு அது சிட்னியில் இருக்கும் ஒரு மகனிடமிருந்து வந்தது. அம்மாவுக்கு 78 வயது, மேற்கு மாம்பலத்தில் தனியாக இருக்கிறார். (ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்ததிலிருந்து கூட இருந்து கவனித்துக்கொள்ள நாள் முழுக்க ஒரு அட்டெண்டர் இருக்கிறாள். அம்மாவோ காலையில் நாலு மணி நேரம் அவள் இருந்தால் போதும் என்கிறார். மிச்சமாகும் பணத்தில் ஆட்டோ வைத்து, சாயங்காலம் அயோத்தியா மண்டபத்துக்கு உபன்யாசம் கேட்கப் போக வேண்டுமாம்.

என்ன உதவி, எத்தனை மணி நேரம் என்பதை அதைப் பெறுகிறவரே தீர்மானிப்பதுதான் நுகர்வோர் வழிநடத்தும் பராமரிப்பு. ஆஸ்திரேலியாவில் 2015 ஜூலை முதல் அரசின் வீட்டுப் பராமரிப்புத் தொகுப்புகள் எல்லாமே இந்த முறைக்கு வந்தன. அங்கே அரசுப் பணம் பெரியவரின் பேரில் ஒதுக்கப்படும். நம்மூரில் பெரும்பாலும் பிள்ளையின் கணக்கிலிருந்து வருகிறது. சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் படி: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள். "மகனா, அம்மாவா?" என்று எழுதினால் அது சண்டை. "அட்டெண்டர் நேரத்தைக் குறைக்கலாமா?" என்று எழுதினால் வேலை நடக்கும்.

இரண்டாம் படி: முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்று பாருங்கள். அவசரப்படவே கூடாத இடம் இது. பில் கட்ட மறப்பவருக்கும் சாயங்காலம் எங்கே போவது என்று தீர்மானிக்கத் தெரியும்; திறனை அந்தந்த முடிவுக்குத் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். காலையில் காபி குடித்தபின் போங்கள். காது மெஷின் மாட்டியிருக்கிறாரா, பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள் (கேள்வி காதில் விழாததை மறதி என்று எழுதிவைத்த ஃபைல்களைப் பார்த்திருக்கிறேன்). அட்டெண்டரைக் கடைக்கு அனுப்பிவிடுங்கள். சொன்னது புரிகிறதா, விளைவு தெரிகிறதா, தன் முடிவைச் சொல்ல முடிகிறதா என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்.

நான் கேட்டதற்கு அம்மா சொன்னது: "விழுந்தா இடுப்பு உடையும், அவன் லீவு போட்டுண்டு ஓடி வரணும். தெரியாதா எனக்கு? சாயங்காலம் ஆனா அந்தப் பொண்ணும் நானும் சுவத்தைப் பாத்துண்டு உக்காந்திருக்கோமே, அது உனக்குத் தெரியுமோ?"

திறன் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: ஒருவரின் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதற்காக மட்டும் அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லக்கூடாது. அது மனநல சிகிச்சைக்கான சட்டம்தான். ஆனாலும் நம் வேலைக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாம் படி: ஆபத்தை மறுக்காமல் சின்னதாக்குங்கள். வேண்டாம் என்று தடுப்பது சுலபம். எப்படிச் செய்யலாம் என்று யோசிப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். குளியலறையில் கைப்பிடி, வழுக்காத பாய். குளியல் அட்டெண்டர் இருக்கும் காலை நேரத்திலேயே. தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர், வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட வேண்டும் என்ற பேச்சோடு. திரும்பி வந்ததும் எதிர்வீட்டுக்கு ஒரு குரல்.

"அப்படின்னா ஹால்ல ஒரு கேமராவாவது வைச்சிடுங்க, அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்" என்றார் மகன். முடியாது என்றேன். அவருடைய பயம் நியாயம்தான், அதையும் சொன்னேன். ஆனால் அம்மா சம்மதித்தால் மட்டுமே கேமரா. அவர் சம்மதிக்கவில்லை.

நான்காம் படி: உங்கள் பக்கத்தையும் பாருங்கள். முழுநாள் அட்டெண்டர் என்றால் ஏஜென்சிக்கு வருமானம் அதிகம். நேரத்தைக் குறைக்கத் தயங்கும்போது, தயக்கம் அம்மாவுக்காகவா, பில்லுக்காகவா? குடும்பத்தார் கொடுக்கும் தீபாவளிப் புடவையை வாங்கிக்கொள்வதற்கு முன்னும் இதே கேள்விதான்.

ஐந்தாம் படி: எல்லைக்கோடு. அடி, பட்டினி, மிரட்டிக் கையெழுத்து வாங்குவது என்று ஏதாவது தெரிந்தால் "குடும்ப விஷயம்" என்று ஒதுங்காதீர்கள். முதியோர் உதவி எண் 14567. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இன் கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காமல் விட்டால் ரத்து செய்யவும் அதில் வழி உண்டு.

ஆறாம் படி: எழுதுங்கள். யார் என்ன சொன்னார், எதற்காக இந்த முடிவு, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்போம். அம்மாவின் பேச்சை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்ற வரியைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

மறுபடி பார்க்க நாங்கள் குறித்தது இரண்டு வாரம். போனபோது அம்மாவே ஒரு திருத்தம் வைத்திருந்தார்: "மழை நாள்ல நான் போகலைம்மா, படி ஈரமா இருக்கு. அன்னிக்கு மட்டும் அந்தப் பொண்ணு ராத்திரிவரைக்கும் இருக்கட்டும்." அதை எழுதி, தேதி போட்டு, சிட்னிக்கும் ஒரு நகல் அனுப்பினேன்.