டிஎல்எல் காணோம் என்று அடம்பிடித்த மென்பொருள்

பழைய போன் ஒன்றைச் சோதிக்க, அதற்கான டயக்னாஸ்டிக் மென்பொருளைப் புது லேப்டாப்பில் போட்டேன். திறந்தால் ‘எம்எஸ்விசிஆர்100.டிஎல்எல் இல்லை’ என்று ஒரு பெட்டி. டிஎல்எல் என்பது மென்பொருள்கள் பயன்படுத்தும் ஒரு துணைக் கோப்பு. மூன்று முறை அழித்துவிட்டுப் போட்டும் அதே கதை.

அவசரத்தில் ஏதோ ஒரு தளத்திலிருந்து அந்தக் கோப்பை மட்டும் இறக்கி, விண்டோஸின் சிஸ்டம்32 போல்டரில் வைத்தேன். செய்யக்கூடாத வேலை, கூடவே வைரஸும் வரலாம். பிழையும் போகவில்லை.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அது மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2010 ரன்டைமை, அதாவது அதில் உருவாக்கிய மென்பொருள்கள் ஓடத் தேவையான கோப்புத் தொகுப்பைச் சேர்ந்த கோப்பு. என் விண்டோஸ் 64 பிட், அதனால் அந்த ரன்டைமின் எக்ஸ்64 (64 பிட்) பதிப்பை ஏற்கெனவே போட்டிருந்தேன். ஆனால் மென்பொருள் 32 பிட்! அதற்கு எக்ஸ்86 (32 பிட்) பதிப்புதான் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 போல்டரில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் சிஸ்வாவ்64 போல்டரில். பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

நான் வைத்த கோப்பை நீக்கிவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எக்ஸ்86 பதிப்பை நிறுவினேன். லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ததும் மென்பொருள் திறந்தது. போன் இணையவில்லை, அது யுஎஸ்பி டிரைவர் கோளாறு, பத்து நிமிடத்தில் சரியானது.